புளியந்தீவு: தோணித்துறையிலிருந்து பாலங்கள் வரை

எமது பாடசாலையின் கடிதத் தலைப்பில் ஊர்ப்பெயர் மட்டக்களப்பு என்றே இருக்கிறது. விலாசம் எழுதப் பழகிய நாளிலிருந்து நாமும் அப்படியே எழுதிவந்தோம். ஆனால் நாம் வரிசையில் நின்ற முற்றமும், மாரி காலத்தில் ஒழுகிய மண்டபமும், உயர்தர வகுப்பின் ஆய்வுகூடமும் நிற்கின்ற நிலத்துக்குப் பெயர் புளியந்தீவு. நாற்புறமும் வாவி சூழ்ந்த சிறியதொரு தீவு. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தால் ஒரு பாடவேளை முடியுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம். இன்று பாலத்தில் ஏறி இறங்கும் எவருக்கும் தீவொன்றுக்குள் நுழைகிறோம் என்ற எண்ணம் வருவதில்லை.

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, பாடசாலையின் வரலாற்றை எழுத எம்மிலும் தகுதி வாய்ந்த மூத்த ஆசிரியைகள் இருக்கிறார்கள் என்பதால், பாடசாலை நிற்கும் மண்ணின் வரலாற்றை எழுத நாம் எடுத்துக்கொண்டோம். மனதில் இருந்தவை இரண்டு கேள்விகள். இவ்வளவு சிறிய இடத்தில் கச்சேரி, வைத்தியசாலை, தேவாலயங்கள், பாடசாலைகள் எல்லாம் ஏன் வந்து குவிந்தன? அவற்றை வந்தடைய யாருக்கு முடிந்தது, யாருக்கு முடியாமற் போனது?

முதலில் வாவியைச் சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவி கடற்கரைக்குச் சமாந்தரமாகச் சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம், சூரியன் எழும் பக்கம் என்பதால் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே உள்ள வயலும் குளமும் காடும் சூரியன் படும் பக்கம் என்பதால் படுவான்கரை. சனம் அடர்ந்திருப்பது எழுவான்கரையில். நெல் விளைவது பெரும்பாலும் படுவான்கரையில். புளியந்தீவோ வாவியின் வடபகுதியில், முகத்துவாரத்தால் நுழைந்த தோணி அதிக சிரமமின்றி வந்து சேரக்கூடிய இடத்தில் இருக்கிறது. கடல் வழியாக வரும் சரக்கும் வாவி வழியாக வரும் நெல்லும் சந்திக்க ஏற்ற இடம். காவல் வைக்க விரும்புபவனுக்கும் அதுவே ஏற்ற இடம்.

தீவின் பெயர் பற்றி இரண்டு கதைகள் உண்டு. புளிய மரங்கள் நின்றதால் புளியந்தீவு என்பது ஒன்று. புளியன் என்ற தலைவன் ஆண்ட தீவு என்பது மற்றது. வகுப்பில் எமக்குத் தலைவன் கதைதான் பிடித்திருந்தது. இப்போது புளிய மரத்தின் பக்கமே சாய்கிறோம். மரத்தின் பெயரால் ஊருக்குப் பெயர் வைப்பது எம் மாவட்டத்தில் புதிதல்ல. ஆனால் மட்டக்களப்பு என்ற பெயரின் பயணம் இதைவிடச் சுவையானது. அந்தப் பெயர் தெற்கே சம்மாந்துறைப் பக்கத்துக்கு உரியதாக இருந்து, கோட்டை எழுந்த பின்னரே இந்தத் தீவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது என்பது மட்டக்களப்பு வரலாற்றை எழுதியவர்கள் பலரும் காட்டியுள்ள செய்தி. வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' எம் வீடுகள் பலவற்றில் இருந்த நூல். இளைய தலைமுறைச் சகோதரிகள் அதைத் தேடி வாசிக்கவேண்டும்.

ஆகவே 1602 ஆம் ஆண்டு மே மாதம் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் வந்திறங்கிய மட்டக்களப்பு என்பதை நாம் இன்றைய நகரமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. அவர் இப்பகுதித் தலைவனைக் கண்டு, பின்னர் கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். போர்த்துக்கேயருக்கு இது பொறுக்கவில்லை. கண்டி மன்னனுக்குக் கிழக்கே கடல் வாசல் ஒன்று திறந்திருக்கும் வரை தமக்கு நிம்மதி இல்லை என்று கண்ட அவர்கள், முதலில் திருகோணமலையிலும் பின்னர், 1628 இல், புளியந்தீவிலும் கோட்டை கட்டினார்கள். நான்கு மூலைக் கொத்தளங்களுடன் கூடிய சதுரமான சின்னக் கோட்டை. இரண்டு பக்கம் வாவியே காவல்; மற்ற இரண்டு பக்கம் அகழி. பத்து வருடங்கள்தான் அவர்கள் கையில் இருந்தது. 1638 மே 18 ஆம் திகதி, இரண்டாம் இராஜசிங்க மன்னனோடு சேர்ந்து வந்த ஒல்லாந்தரிடம் கோட்டை வீழ்ந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதலாவது போர்த்துக்கேயக் கோட்டை இதுதான்.

அதற்கு ஐந்து நாட்களின் பின் மட்டக்களப்பில் எழுதப்பட்ட உடன்படிக்கையைப் பாடசாலையில் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்தோம். அந்த வரிக்குள் ஒரு பெரிய கதை கிடக்கிறது. பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்று சொல்லும் வாசகத்தில், மன்னன் விரும்பினால் என்ற நிபந்தனை மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. அந்தச் சில சொற்களைப் பற்றிய பிணக்கு இராஜசிங்கன் காலம் முழுவதும் தீரவில்லை. நாட்டின் கரையோரம் யார் கைக்குப் போவது என்ற பெரிய வழக்கு எமது தீவருகே எழுதப்பட்ட கடதாசியில் தொடங்கியது என்பதை எண்ணும்போது, வரலாறு பாடத்தில் நித்திரை தூங்கிய நேரங்களுக்காக எம்மில் பலருக்கு இப்போது மனம் நோகலாம்.

1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கோட்டைக்குச் சொந்தக்காரர் மாறினார்களே தவிர, அதிகாரம் இருந்த இடம் மாறவில்லை. பின்னாளில் கச்சேரியே அந்தக் கோட்டை மதிலுக்குள் அமைந்தது. எமது முதற் கேள்விக்கு விடை இதுதான் என்று நினைக்கிறோம். யாரும் மக்களின் வசதியைப் பார்த்து இந்தத் தீவைத் தலைமையிடமாகத் தெரியவில்லை. எதிரி வருவதற்குக் கடினமான இடம் என்பதற்காகவே போர்த்துக்கேயர் இதைத் தெரிந்தார்கள். பிறகு வந்தவர்கள் கட்டிய இடத்திலேயே கட்டினார்கள். எதிரிக்குக் கடினமாக இருந்த தண்ணீர், பிறப்புப் பத்திரம் எடுக்கவும் பிள்ளைக்கு மருந்து வாங்கவும் வருகின்ற கமக்காரனுக்கும் கடினமாகவே இருந்தது.

அந்நியர் ஆட்சி எமக்கு விட்டுச்சென்ற சொந்தங்களும் உண்டு. பறங்கியர் இல்லாத புளியந்தீவை எம் பெற்றோரால் கற்பனை செய்ய முடியாது. தச்சு வேலை, இரும்பு வேலை, சப்பாத்து, தையல் என்று ஊரின் கைத்தொழில்களில் அவர்கள் பெயர் பெற்றிருந்தார்கள். வீட்டில் அவர்கள் பேசும் மொழி போர்த்துக்கேயத்திலிருந்து பிறந்து தமிழோடு நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்து மாறிய மொழி. மொழியியலாளர்கள் வெளிநாடுகளிலிருந்து வந்து அதை ஆராய்கிறார்கள். எம் வகுப்பில் இருந்த பறங்கியத் தோழிகள் சண்டை பிடிக்கும்போது மட்டும் அந்த மொழிக்கு மாறுவார்கள். சில வசைச் சொற்களை நாமும் கற்றுக்கொண்டோம். அவர்களுட் பலர் இன்று அவுஸ்திரேலியாவில். இந்த மலர் அங்கும் போய்ச் சேரும் என்று நம்புகிறோம்.

1814 ஓகஸ்ட் மாதம் வில்லியம் ஓல்ட் என்ற இளம் மெதடிஸ்த குருவானவர் இந்தத் தீவில் வந்திறங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்த நீண்ட கடற்பயணத்தில் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். தமிழ் கற்று, பாடசாலைகள் தொடங்கி, எட்டு மாதங்களுக்குள், 1815 ஏப்ரல் 1 ஆம் திகதி இங்கேயே இறந்துபோனார். வாவிக் கரையில் அவருடைய சிலை நிற்கிறது. நாம் நாள்தோறும் அதைக் கடந்து போனோம். எட்டு மாதம் என்பது உயர்தர வகுப்பின் ஒரு வருடத்திலும் குறைவு. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 ஆக எண்ணுவது அவரால்தான். 1820 ஐத் தன் தொடக்கமாகக் கொள்ளும் வின்சன்ற் மகளிர் பாடசாலையும் அந்த மிஷனின் வழி வந்ததே. பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில் அது தொடங்கியது. பின்னர் கத்தோலிக்கத் திருச்சபையின் பாடசாலைகள் எழுந்தன. 1895 முதல் பிரான்சிய இயேசு சபையினரும், பிற்காலத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாநிலத்துக் குருமாரும் இங்கு பணிபுரிந்தார்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் இத்தீவின் பாடசாலைகளில் படித்தவரே.

மிஷனரிமாரைப் பற்றி எம்மிடையே இரண்டு கருத்துகள் உண்டு. மதம் பரப்ப வந்தவர்கள் என்பதும் உண்மை; அவர்கள் வராவிட்டால் இந்த மாவட்டத்துப் பெண்கள் இன்னும் இரண்டு தலைமுறை காத்திருந்திருப்பார்கள் என்பதும் உண்மை. நாம் அவர்களிடம் காணும் குறை வேறு. அவர்களும் கோட்டையைச் சுற்றியே கட்டினார்கள். நல்ல பாடசாலைகள் தீவிலும் அதன் எதிர்க்கரையான கோட்டைமுனையிலும் நெருங்கி நின்றன. வாவிக்கு அப்பால் இருந்த பெண்பிள்ளைக்குப் படிப்பு என்றால் விடுதி வேண்டும். விடுதி என்றால் காசு வேண்டும். காசு இருந்தாலும் பெரிய பிள்ளையைத் தண்ணீர் தாண்டி அனுப்பும் மனம் தகப்பனுக்கு வேண்டும்.

பாலங்களின் கதையை இங்கே சொல்லலாம். கோட்டைமுனையையும் தீவையும் இணைப்பவை பெரிய பாலமும் புதுப்பாலமும். புதுப்பாலமும் பழையதாகிவிட்டது; பெயர் மட்டும் மாறவில்லை. கிழக்கே கல்லடிக்குப் போகவும் ஒரு காலத்தில் தோணிதான். 1924 இல், அப்போதைய தேசாதிபதி சேர் வில்லியம் மனிங்கின் மனைவியின் பெயரால் லேடி மனிங் பாலம் திறக்கப்பட்ட பின்னரே நகரம் எழுவான்கரையோடு வீதியால் சேர்ந்தது. 1928 இல் புகையிரதம் மட்டக்களப்புக்கு வந்தது. ஆனால் தீவுக்குள் வரவில்லை, கோட்டைமுனைப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. கல்லடிப் பாலத்தின் கீழ் பூரணை இரவுகளில் கேட்கும் பாடும் மீன் ஒலியைப் பற்றி எழுதாத நூற்றாண்டு மலர் மட்டக்களப்பில் இருக்க முடியாது என்பதால் ஒரு வார்த்தை: 1848 இல் இங்கு வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் தோணியில் சென்று அதைக் கேட்டுத் தமது நூலில் பதிவுசெய்திருக்கிறார். பாடுவது மீனா, சிப்பியா என்பதை அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். வாகன இரைச்சலில் இப்போது எதுவும் கேட்பதில்லை.

படுவான்கரைக்கு இப்படி ஒரு பாலம் வர இன்னும் தொண்ணூறு வருடங்கள் சென்றன. வலையிறவு வழி ஒன்று இருந்தது. வேறு பல இடங்களில் 'பாதை'. பிற மாவட்டத்துச் சகோதரிகளுக்காகச் சொல்கிறோம்: எம் ஊரில் பாதை என்றால் வீதி அல்ல. ஆட்களையும் சைக்கிள்களையும் உழவு இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவை அது. மண்முனை, அம்பிளாந்துறை, மண்டூர்த் துறைகளில் பாதைக்குக் காத்திருப்பதே வாழ்க்கையின் பாதி. மாரியில் காற்று எழுந்தால் பாதை ஓடாது. இரவிலும் ஓடாது.

இதை ஒரு வைத்தியராக எழுதும்போது வார்த்தை வேறாகிறது. பிரசவத்தின் பின் வரும் கடும் இரத்தப்பெருக்கு இரண்டொரு மணித்தியாலத்தில் தாயின் உயிரைக் கொண்டுபோகக் கூடியது. வயலில் புடையன் கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும் நேரம் பிந்தப் பிந்தச் சிறுநீரகம் பழுதாகும். இரண்டுக்கும் மருந்து தீவில் இருந்தது. நோயாளி மறுகரையில் இருந்தார். எம் பாட்டிமார் சொன்ன பிரசவக் கதைகளில் 'துறையில வச்சே முடிஞ்சிது' என்ற வசனம் எத்தனை தடவை வந்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். சிறுவயதில் அதை விதி என்று கேட்டுக்கொண்டிருந்தோம். மருத்துவபீடத்தில் படித்தபோதுதான் அது விதி அல்ல, தூரம் என்று விளங்கியது.

வாவியில் இன்னொரு சிறு தீவும் உண்டு. எம்மில் பெரும்பாலோர் கால் வைக்காத தீவு. மாந்தீவு. தொழுநோய் கண்டவர்களைப் பிரித்து வைப்பதற்கு 1901 ஆம் ஆண்டே இலங்கையில் சட்டம் இருந்தது. அந்த எண்ணத்தோடு ஆங்கிலேயர் காலத்தில் மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை அமைந்தது. புளியந்தீவுக்கு எல்லோரும் எப்படி வந்து சேர்வது என்பது பிரச்சினை. மாந்தீவில் இருந்தவர்கள் எப்படியும் வெளியே வரக்கூடாது என்பது ஏற்பாடு. ஒரே வாவி இரண்டு வேலையையும் செய்தது. கன்னியாஸ்திரிகள் அங்கு தங்கிப் பணிபுரிந்தார்கள். 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. 1983 இல் பல்மருந்துச் சிகிச்சை இலங்கைக்கு வந்ததும் நோயாளி சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றாதவர் ஆனார்; ஆறு மாதத்தில் அல்லது ஒரு வருடத்தில் குணமடைந்தார். பிரித்து வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் குணமடைந்த சிலர் மாந்தீவிலேயே முதுமை எய்தினார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க வீட்டில் யாரும் இருக்கவில்லை, அல்லது இருந்தும் அழைக்கவில்லை.

தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நாடு 1995 இல் நீங்கிவிட்டது என்பது புள்ளிவிபரம். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் நாட்டில் இன்னும் இனங்காணப்படுகிறார்கள். எமது மாவட்டம் அவர்கள் அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று. உணர்ச்சியற்ற வெளிறிய தோல் தழும்போடு வரும் பிள்ளையின் தாய், நோயின் பெயரைக் கேட்டதும் முதலில் கேட்பது, 'மாந்தீவுக்கு அனுப்புவீங்களா டொக்டர்?' என்பதுதான். எம் சகோதரிகள் பலர் ஆசிரியைகள். வகுப்பில் ஒரு பிள்ளையின் கையில் அப்படித் தழும்பு கண்டால் ஒளிக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். மருந்து இலவசம், பிள்ளை பாடசாலைக்கு வந்துகொண்டே மருந்து எடுக்கலாம்.

வெள்ளத்துக்கும் காற்றுக்கும் வருவோம். 1957 டிசம்பர் வெள்ளம் எம் பெற்றோரின் சிறுவயது ஞாபகம். 2011 ஜனவரி வெள்ளம் எமது ஞாபகம். முகத்துவாரத்து மணலை எப்போது வெட்டுவது என்று கமக்காரருக்கும் மீன்பிடிப்போருக்கும் இடையே ஒவ்வொரு மாரியிலும் வாதம் நடக்கும். வெட்டப் பிந்தினால் வயல் அழுகும். முந்தினால் வாவியின் இறாலும் மீனும் கடலோடு போகும். 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி இவை எதனோடும் ஒப்பிட முடியாதது. ஓட்டுக் கூரைகள் பறந்தன. தென்னந்தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. எம் வகுப்பினர் சூறாவளிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். வயது கேட்டால் எம் அம்மாமார் இன்றும் 'புயலுக்கு அடுத்த வரியம்' என்றுதான் கணக்குச் சொல்வார்கள். எம் பாடசாலையின் பழைய ஆவணங்களில் பெரும் பகுதி அன்றிரவு நனைந்து அழிந்தது.

யுத்த காலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறோம். மறந்ததால் அல்ல, ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது, அதை அவரவர் சொல்வதே முறை. தீவைப் பொறுத்தவரை நடந்தது என்னவென்றால், முந்நூறு வருடங்களின் பின் அது மீண்டும் கோட்டையானது. நகரம் இராணுவக் கட்டுப்பாட்டில். படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில். வவுணதீவில் சோதனைச் சாவடி. பாலத்தின் இரு முனையிலும் இறங்கி நடந்து அடையாள அட்டை காட்டிவிட்டே பாடசாலைக்குப் போனோம். எம்மோடு விடுதியில் இருந்த படுவான்கரைப் பிள்ளைகள் பாதை பூட்டினால் வாரக்கணக்கில் வீடு போக முடியாது. வீட்டிலிருந்து வரும் கடிதம் யாராவது வயலுக்குப் போய்வருபவர் மடியில் வரும். மின்சாரம் இல்லாத ஊர்களிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகள்தான் எம் வகுப்பில் பல பாடங்களுக்கு முதலாவதாக வந்தார்கள். அவர்களுள் சிலர் படிப்பை முடிக்கவில்லை. ஏன் என்பது இதை வாசிக்கும் எம் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

தீவின் தேவாலயங்களும் இரத்தம் பார்த்தன. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மரியாள் பேராலயத்தினுள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். யுத்தம் முடிந்து பத்து வருடங்களின் பின், 2019 உயிர்த்த ஞாயிறு காலை, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள். அன்று வைத்தியசாலையில் இருந்தவர்கள் அதைப் பற்றி இன்னும் அதிகம் பேசுவதில்லை. அதற்கு அடுத்த வாரங்களில் நகரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கடைக்கு ஒருவர் போகத் தயங்கிய நாட்கள் வந்தன. எங்கள் வைத்தியசாலை வாட்டுகளில் மட்டும் கட்டில்கள் வழமைபோல அடுத்தடுத்தே இருந்தன.

2004 டிசம்பர் 26 அன்று நாம் மருத்துவபீட மாணவிகள்; விடுமுறைக்கு வீடு வந்திருந்தோம். நாவலடி, டச்பார், கல்லடி ஆகிய மணற்கரை ஊர்களைக் கடல் அள்ளிச் சென்றது. அந்த ஊர்களும் வாவியும் முன்னால் நின்றதால் தீவு தப்பியது என்றே சொல்லவேண்டும். காயப்பட்டவர்களும் இறந்தவர்களும் எண்பது வயதான லேடி மனிங் பாலத்தால் வந்துகொண்டேயிருந்தார்கள். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய இரும்புப் பாலம். அது அன்று விழுந்திருந்தால் எழுவான்கரைக்கு வைத்தியசாலை இல்லை. பாடசாலைகள் எல்லாம் அகதி முகாம்களாயின. நாம் படித்த வகுப்பறையில் நாமே காயங்களுக்கு மருந்து கட்டினோம்.

அதன் பின் வந்த மாற்றங்கள் வேகமானவை. 2013 இல் கல்லடியில் அகலமான புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய இரும்புப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. 2014 இல் மண்முனைப் பாதைக்குப் பதிலாகப் பாலம் வந்தது. இரண்டும் யப்பான் நாட்டின் உதவியோடு கட்டப்பட்டவை. நகரத்தவர்கள் கல்லடிப் பாலத்தைப் பெரிதாகப் பேசுவார்கள். படம் எடுக்க அழகான பாலம். எமது தெரிவு மண்முனைப் பாலம். கொக்கட்டிச்சோலையிலிருந்து நள்ளிரவில் ஒரு கர்ப்பிணித் தாயை ஏற்றிய அம்புலன்ஸ் எங்கும் நிற்காமல் வந்து சேர்கிறது என்பதை முதல் தடவை கண்டபோது, பிரசவ அறையில் நின்ற வயதான தாதி 'இது எங்கட அம்மாமாருக்குக் கிடைக்கல்லையே' என்றார். வைத்தியசாலை இன்று போதனா வைத்தியசாலை; 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் இங்கேயே பயில்கிறார்கள். அவர்களுள் எம் பாடசாலைப் பிள்ளைகளும் உண்டு, படுவான்கரைப் பாடசாலைகளிலிருந்து நேரே வந்த பிள்ளைகளும் உண்டு. பின்னையவர்கள் விடுதிக்கு வராமலே டொக்டர் ஆகிறார்கள்.

2024 இல் புதிய மாவட்டச் செயலகம் திராய்மடுவில் திறக்கப்பட்டது. கோட்டைக்குள் இருந்த கச்சேரி தீவை விட்டுப் போயிற்று. இதற்காக வருந்தும் மூத்தவர்களைக் கண்டோம். நாம் வருந்தவில்லை. கோட்டைக்குள் இருந்துகொண்டு மக்களுக்குச் சேவை செய்வது எப்போதுமே பொருந்தாத காரியம். மதிலில் ஆணியடித்து வயர் இழுத்த காலம் முடிந்தால் கோட்டைக்கும் நல்லது. ஆனால் கச்சேரி போனதால் தீவு இளைத்துவிடவில்லை. வைத்தியசாலையும் பாடசாலைகளும் கடைகளும் அதே சிறு நிலத்தில்தான். காலை ஏழரைக்குப் பெரிய பாலத்தடியில் நின்று பார்த்தால் தெரியும்.

இனித் தீவைப் பாதிக்கப் போவது பாலமின்மை அல்ல, வாவியின் நிலைமை. கழிவுநீர் வடிகால்கள் பல நேரே வாவிக்குப் போகின்றன. கரையோரக் கண்டல் மரங்கள் பல இடங்களில் அழிந்துவிட்டன. கரை நிரவப்பட்டு மதில்கள் எழுகின்றன. மழை பெய்தால் முன்பு ஒரு மணித்தியாலத்தில் வடிந்த தண்ணீர் இப்போது இரண்டு நாள் நிற்கிறது. அதற்கு அடுத்த வாரம் டெங்குக் காய்ச்சலோடு பிள்ளைகள் வாட்டில் நிறைகிறார்கள். இது எங்களுக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் பாடம். வாவிக்குப் பின்புறம் காட்டிக் கட்டிய வீடுகளில் எம் பழைய மாணவிகளின் வீடுகளும் இருக்கின்றன என்பதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். அச்சிலும் சொல்லிவைக்கிறோம்.

இந்தக் கட்டுரைக்காக எம் பாடசாலையின் சேர்வு இடாப்புகளில் எஞ்சியவற்றைப் பார்க்க அதிபர் அவர்கள் அனுமதி தந்தார். 1978 க்குப் பிந்தியவைதான் முழுமையாக இருக்கின்றன. பிள்ளையின் பெயர், தகப்பனின் தொழில், ஊர், விலகிய திகதி, விலகிய காரணம் என்று ஐந்து நிரல்கள். ஊர் நிரலை மட்டும் பார்த்துக்கொண்டு போனால், எந்த வருடம் எந்தத் துறை பூட்டியிருந்தது, எந்த வருடம் எந்தப் பாலம் திறந்தது என்பதை ஊகிக்கலாம். விலகிய காரணம் என்ற நிரலில் 1990 ஆம் ஆண்டுக்கு எதிரே பக்கம் பக்கமாக ஒன்றும் எழுதப்படவில்லை. தாள்கள் மஞ்சளாகி ஓரம் உதிர்கின்றன, செல்லும் பிடித்திருக்கிறது. அவற்றை ஒளிப்படப் பிரதி எடுக்க இரண்டு மடிகணினியும் நான்கு கைகளும் ஒரு பாடசாலை விடுமுறையும் போதும். சங்கத்தின் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதற்கான பிரேரணையை நாம் முன்வைக்க இருக்கிறோம். 1978 க்கு முந்திய வகுப்புப் படங்கள், தேர்ச்சி அறிக்கைகள், விடுதிக் கடிதங்கள் வைத்திருக்கும் சகோதரிகள், மூலத்தைத் தரவேண்டாம், பிரதி ஒன்றை மலர்க்குழுவிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். படத்தின் பின்புறம் பெயர்களோடு ஊரையும் எழுதி அனுப்புங்கள்.